மச்சான் காத்த பாலம்

பல் டாக்டருக்கு வாழ்க்கையில் இரண்டே விஷயங்கள் பிடிக்காது. ஒன்று, பல் துலக்காமல் நாற்காலியில் வந்து உட்கார்கிறவர்கள். இன்னொன்று, மச்சான் காத்த பாலம்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். சைக்கிள் கடை வைத்திருந்து, அதை மகனிடம் விட்டுவிட்டு, மகன் செய்வதில் குறை கண்டுபிடிப்பதை முழுநேர வேலையாக ஏற்றுக்கொண்டவர். விடுதிப் பள்ளியில் கடைசி வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது சண்டை மூண்டது; படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போருக்குப் போனார். போன இடத்தில் ஓர் ஆற்றுப் பாலத்தைத் தன்னந்தனியாகக் காத்து நின்றார். இது அவரே சொன்னது. டாக்டர் தன் கல்யாணப் பந்தியில் முதன்முதலாகக் கேட்டபோது அது மரப்பாலம். மூத்த பெண் பிறந்தபோது இரும்புப் பாலமாகிவிட்டது. பேரன் பிறந்த சமயம் அதன்மேல் ரயிலும் ஓடத் தொடங்கியது.

"மச்சான், போன தடவ ரயில் இல்லையே?" என்று டாக்டர் கேட்பார்.

"போன தடவ நீங்க சாப்பாட்டுலயே கண்ணா இருந்தீங்க மாப்ளே," என்பார் மச்சான். எல்லோரும் சிரிப்பார்கள். டாக்டரின் மனைவிதான் விழுந்து விழுந்து சிரிப்பாள். அதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நிலைமையில், விடுதியிலிருந்து போருக்குப் போன மாணவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வைப்பதென்று பழைய மாணவர் சங்கம் முடிவு செய்தது. யார் யார் போனார்கள், என்ன செய்தார்கள் என்று ஆராய ஓர் ஆள் வேண்டும் என்றதும் டாக்டர் முந்திக்கொண்டு கையைத் தூக்கினார். அவரும் அந்தப் பள்ளிதான். ஆனால் விடுதியில் தங்கவில்லை, வீட்டிலிருந்து போய்வந்தவர். மச்சானுக்குப் பல வகுப்புகள் கீழே. சங்கத் தலைவரான மரக்கடை முதலாளி, "ரிட்டயர் ஆன மனுஷன், பொழுது போகட்டும்," என்று பெரிய மனசோடு வேலையைக் கொடுத்தார். சரித்திரத்தின்மேல் டாக்டருக்கு அப்படி என்ன பற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. பற்றாவது ஒன்றாவது! பாலத்தை உடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதற்கும் இரண்டு சாட்சி இருக்க வேண்டும் என்று விதி போட்டதும் அவர்தான். கிளினிக்கை மூடிவிட்டாலும் அந்த நாற்காலியை விற்க மனம் வரவில்லை. விசாரணைக்கு வந்த பெரியவர்களை அதில்தான் சாய்த்து உட்கார வைத்தார். சாய்ந்ததும் பழக்கதோஷத்தில் விளக்கைப் போட்டு, "வாயத் திறங்க," என்பார்.

"சண்டையப் பத்திக் கேக்கணும்னுதானே கூப்பிட்டீங்க?"

"அதுவும்தான். இந்தக் கடைவாய்ப் பல்ல இப்படியேவா விட்டுவெச்சிருக்கீங்க?"

அந்த விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு நம்பர். சட்டை, துண்டு, போர்வை என்று எல்லாவற்றிலும் அதைச் சிவப்பு நூலால் தைத்துக்கொள்ள வேண்டும். தைக்காவிட்டால் சலவைக்குப் போனது போனதுதான். நாளடைவில் பெயர் போய் நம்பரே நின்றுவிடும். தலை நரைத்த பிறகும், "என்னய்யா பன்னெண்டு, சௌக்கியமா?" என்றுதான் விசாரித்துக்கொள்வார்கள். மச்சான் முப்பத்தொன்று. அவருடைய பழைய இரும்புப் பெட்டியில் அந்த நம்பர் இன்னும் இருக்கிறது. பெயரைச் சொன்னால் உறவுக்காரராயிற்றே என்று மழுப்பிவிடுவார்கள் என்பதால், "சண்டை நடந்தப்போ முப்பத்தொண்ணு என்ன பண்ணிட்டிருந்தான்?" என்று மட்டும் டாக்டர் கேட்டார். அத்தனை சாமர்த்தியம்.

நினைத்ததற்குமேல் கிடைத்தது. "முப்பத்தொண்ணா? சைரன் அடிச்சா மாவு மூட்டைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவான். வெளிய வரும்போது கண்ணு ரெண்டு மட்டும்தான் கறுப்பா இருக்கும்," என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர். முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர் சிரித்ததில் பல்செட்டே கழன்று மடியில் விழுந்தது. "அவனா? போருக்கா? ராத்திரி ஒண்ணுக்குப் போகவே தொணைக்கு ஆள் தேடுவானே!"

இரண்டு சாட்சி. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் அத்தனையையும் கொட்டினார்.

அவள் சிரிக்கவில்லை. "எங்கண்ணன் கூட்டிச் சொல்லுவான், ஒத்துக்கறேன். இல்லாததைச் சொல்ல மாட்டான். இத நாலு பேர் முன்னாடி படிச்சீங்கன்னா அப்புறம் அவன் இந்தப் படி ஏற மாட்டான். எனக்குன்னு கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தாங்க."

அவள் சொன்னதை டாக்டர் கேட்டிருக்கலாம். ஆனால் வாழ்நாளில் ஒருமுறை கையும் களவுமாகப் பிடித்தவனுக்கு அதெல்லாம் எங்கே காதில் ஏறும்?

கமிட்டிக் கூட்டத்தில் கனைத்துக்கொண்டு எழுந்து, மாவு மூட்டையையும் ராத்திரித் துணையையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். மேஜையைச் சுற்றி ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவர் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். மரக்கடை முதலாளியின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது.

"யோவ்! அந்த முப்பத்தொண்ணு நான்தான்யா!"

டாக்டர் கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒருத்தன் விடுதிய விட்டுப் போனா அவன் நம்பர் அடுத்து வர்றவனுக்கு. தினம் வீட்டுக்குப் போய் அம்மா கையால சாப்பிட்டவனுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது? உன் மச்சான் போருக்குக் கெளம்பினான், அவன் கட்டில், அவன் நம்பர் எல்லாம் எனக்கு வந்துச்சு. அவன் போகலேன்னா எனக்கு அங்க எடமே கிடையாது. நான் சின்னப் பையன்யா அப்போ! பயம் இருக்காதா?" என்று டாக்டரின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினார். பொத்தான் ஒன்று தெறித்து ஓடியது. "உன் மச்சான் போனான், அதுக்கு நானே சாட்சி. அங்க போய் என்ன கிழிச்சான்னு நீ போய் அவன்கிட்டயே கேளு!"

டாக்டர் நேரே மச்சான் வீட்டுக்குப் போனார். அடுத்தவர் சொல்லித் தெரிவதற்குள் தானே சொல்லிவிடுவது மேல். அசடு வழிய எல்லாவற்றையும் ஒப்பித்தார். மச்சான் பொத்தான் போன இடத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஊசி நூலும் ஒரு பொத்தானுமாக வந்தார்.

"சட்டையக் கழட்டுங்க மாப்ளே."

சைக்கிள் கிரீஸ் ஏறிய அந்தத் தடித்த விரல்கள் பொத்தானை வைத்த அழகைப் பார்த்து டாக்டர் அசந்துபோனார். "தையல் எங்க கத்துக்கிட்டீங்க?"

"ஹாஸ்டல்லதான். நம்பர் தைச்சுத் தைச்சு." நூலைக் கடித்து அறுத்தார். "அங்க போனதும் யாருக்குத் தைக்கத் தெரியும்னு கேட்டாங்க. துப்பாக்கிக்கு இது தேவலன்னு கையத் தூக்கிட்டேன். கிழிஞ்ச காக்கிச் சட்டையா இருக்கும்னு நெனச்சேன். செத்துப்போன பசங்களோட துணிமணிய மூட்ட கட்டி அவங்கவங்க வீட்டுக்கு அனுப்புவாங்க மாப்ளே. மை மழையில அழிஞ்சிரும். அதனால மூட்டை மேல பேரும் ஊரும் சிவப்பு நூல்ல தைக்கணும். சண்டை முடியற வரைக்கும் எனக்கு அதான் வேலை. ஒரு எழுத்து மாறினா வேற ஒரு அம்மாவுக்குப் போயிரும். ஒவ்வொண்ணையும் திரும்பத் திரும்பப் படிச்சுப் பாப்பேன்."

ஒரு நம்பரைச் சரிபார்க்கத் தெரியாதவன் ஆராய்ச்சி செய்யக் கிளம்பினேனே என்று டாக்டர் கூசிப்போனார்.

"வீட்டுக்கு வந்தேன். அங்க என்னடா பண்ணினேன்னு அம்மா கேட்டாங்க. தங்கச்சி சின்னப் பொண்ணு, பக்கத்துல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா. என்னத்தச் சொல்றது? வாயில பாலம்னு வந்துருச்சு." சட்டையை உதறிக் கொடுத்தார். "அவகிட்ட இதச் சொல்லிறாதீங்க. கல்லுல பேர் மட்டும் போதும்."

பெயர் மட்டும் ஏறியது. கல்லைத் திறந்த அன்று சாப்பாட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. மச்சான் கஞ்சி போட்ட சட்டையோடு நடுவில் நின்று பாலத்தின் கதையை எடுத்துவிட்டார். ரயில் வரும் கட்டத்தில், மாவு மூட்டையை இன்னும் மறக்காத மரக்கடை முதலாளி உரக்கக் கேட்டார்: "இந்தப் பாலத்துக்குச் சாட்சி யாராவது இருக்காங்களா?"

மச்சானின் வாய் பாதியில் நின்றது. டாக்டரின் மனைவி அண்ணனைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள்.

டாக்டர் எழுந்தார். "நான் நல்லா விசாரிச்சுட்டேன். பாலம் இருந்துச்சு. காத்தது எங்க மச்சான்தான்."

கூடமே கைதட்டியது. மச்சான் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள ஒண்ண மறந்துட்டாரு," என்றார். "மொத்தம் ரெண்டு பாலம்."

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். "ஆமாமா," என்றார். "ரெண்டு."