பெரிய மனிதருக்குப் பெரிய வலி

சடையன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் வலிக்கு இங்கிலீஷில் என்னென்ன பெயர் என்று கேட்டால் மூச்சு விடாமல் ஆறு சொல்வான். ஜவ்வாது மலையில் வேறு யாருக்கும் இந்தத் திறமை கிடையாது. இருந்திருந்தாலும் இவன் மாதிரி அலட்டிக்கொள்ள மாட்டார்கள்.

நான் ரேணுகாதேவி. சொந்த ஊர் சந்தவாசல். மலைமேல் உள்ள சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவள். சடையனுக்கு என் தம்பி வயது. அவனிடம் ஒரு பழைய ஜீப் உண்டு. சாமை மூட்டை, புளி மூட்டை, கல்யாணக் கூட்டம், எதுவானாலும் ஏற்றுவான். எங்களிடம் வரும் நோயாளிகளில் பாதிப்பேர் அதில்தான் வந்து இறங்குவார்கள். இறக்கிவிட்டுப் போகவேண்டியதுதானே? உள்ளேயும் வந்து டாக்டர் பக்கத்தில் நின்றுகொள்வான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. போன வருடம் வந்த டாக்டர் வடக்கத்திக்காரர். அவர் தமிழ் ‘வலிக்குதா’ என்பதோடு முடிந்துவிடும். எங்கள் ஜனங்களோ குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, இசிவு என்று ஒவ்வொரு நோவுக்கும் தனிப்பெயர் வைத்திருப்பவர்கள். சடையன் அத்தனையையும் ‘பெயின் சார்’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டினான். பொறுத்துப் பார்த்த டாக்டர், ஒருநாள் அவனை உட்காரவைத்து வலிக்கான இங்கிலீஷ் வார்த்தைகளைப் பாடம் நடத்தினார். லேசாக நொந்தால் ஏக். தசை பிடித்துக்கொண்டால் கிராம்ப். எரிந்தால் பர்னிங். விண் விண்ணென்று தெறித்தால் த்ராபிங். தாங்க முடியாவிட்டால் சிவியர். ஆளையே புரட்டிப்போடும் வேதனைக்கு அகோனி. ஜீப் ஓட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தான். பின்னால் உட்கார்ந்தவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்தார்களாம்.

முதல் வம்பு ஊருக்கே தலைவரான ஊர்க்கவுண்டர் லட்சுமணனால் வந்தது. “கவுண்டருக்கு அகோனி சார்!” என்று சடையன் கத்த, டாக்டர் சோற்றுக் கையோடு ஓடிவந்தார். பார்த்தால் வெறும் கால் ஆணி.

“இன்னாப்பா சடையா இது?” என்று பிடித்துக்கொண்டேன்.

“அவரு ஊர்க்கவுண்டருக்கா. அவருக்குப் போய் ஏக்குன்னு சொன்னா மரியாதையா இருக்குமா?”

ஊரில் அவரவர்க்கு உள்ள மதிப்பைப் பார்த்துத்தான் வலியை அளந்துகொண்டிருக்கிறான் மகராசன். யார் வீட்டுச் சம்பந்தியாவது தலைவலி என்று வந்தால்கூட சிவியர்தான். டாக்டரிடம் சொல்லி, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்ததோடு விட்டது என் தப்பு. பெரியவர்களுக்குப் பெரிய வார்த்தை என்றால் சின்ன வார்த்தை யார் தலையில் விடியும் என்று நான் யோசிக்கவில்லை.

மாசி மாதம், புளி உலுக்கும் சமயம். ஒரு செவ்வாய்க்கிழமை தன் மனைவி செல்லியம்மாளைக் கூட்டிவந்தான். அன்றைக்கு எள் போட்டால் எள் விழாத கூட்டம். டாக்டர் தலை நிமிராமலே என்னவென்று கேட்டார்.

“வயித்துல லேசா ஏக் சார். மெதுவா பாருங்க.”

டாக்டர் பெஞ்சைக் காட்டினார். அவள் போய் உட்கார்ந்தாள். இவன் மற்றவர்களுக்கு மொழிபெயர்க்கக் கிளம்பிவிட்டான்.

ஒரு மணி நேரம் கழித்து மாத்திரைப் பெட்டி எடுக்க வெளியே வந்தேன். செல்லியம்மாள் பெஞ்சில் சுருண்டு, முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. தொட்டால் உடம்பு கொதித்தது.

“எப்பலேர்ந்து இப்படி கீது?”

“நேத்து காலையிலேர்ந்துக்கா.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சடையனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். “இதுக்குப் பேரு லேசாடா?”

அவன் கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “கவுண்டரே வரிசைல குந்தினு கீறாருக்கா. நம்ம வூட்டு ஆளுக்குப் பெரிய வார்த்தையைப் போட்டா, பொண்டாட்டிய தூக்கி வெச்சிப் பேசறான்னு ஊரு சிரிக்காதா?”

“உன் மரியாதையைக் கொண்டுபோய் அடுப்புல போடு” என்றேன். அதற்குமேல் சொன்னதை எழுத்தில் போட முடியாது.

டாக்டர் அவள் வலது அடிவயிற்றை அழுத்திக் கையை எடுத்ததும் அவள் துள்ளி விழுந்தாள். குடல்வால் வீங்கியிருக்கிறது, எந்நேரமும் வெடிக்கலாம், உடனே திருப்பத்தூரில் ஆபரேஷன் செய்தாகவேண்டும் என்றார். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. சடையன் ஜீப்பை எடுத்தான். நான் அவளோடு பின்னால் ஏறினேன். தூக்கி இறக்க ஆள் வேண்டும் என்று கவுண்டரும் ஏறிக்கொண்டார். வளைவுக்கு வளைவு அவள் தலை என் மடியில் புரண்டது. ஆனால் வாயிலிருந்து ஒரு முனகல் வரவில்லை. நான்தான் பயத்தில் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் நின்றதும், ஒரு நர்ஸ் வந்து யார், என்ன செய்கிறது என்று கேட்டாள். சடையன் வாயைத் திறந்தான். ஆறு வார்த்தையில் ஒன்றும் வரவில்லை.

“என் பொண்டாட்டிங்க!” என்று அலறினான். “உயிர் போவுதுங்க அவளுக்கு! சீக்கிரம் வாங்க!”

வாசலே திரும்பிப் பார்த்தது. கவுண்டரும் பார்த்தார். சடையன் யாரையும் பார்க்காமல் நின்று அழுதான். அடுத்த நிமிடம் செல்லியம்மாள், “அய்யோ, அம்மா!” என்று வாய்விட்டுக் கதற ஆரம்பித்தாள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்க் கதவு மூடும்வரை அந்தச் சத்தம் கேட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். சடையன் டீ வாங்கப் போயிருந்தான்.

“வழியெல்லாம் பல்லைக் கடிச்சினு வந்தியே, வாசல்ல வந்து ஏம்மா அப்படிக் கத்தினே?” என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“அவரே லேசுன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் நான் எப்படிக்கா கத்தறது?”