வேட்பாளரும் ரேடியேட்டர் ஹோஸும்

உங்களில் யாராவது பழைய மோட்டார் காரின் ரேடியேட்டரிலிருந்து ரப்பர் ஹோஸைக் கழற்றியிருக்கிறீர்களா? இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலி. போன வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் நானும் பாக்கியசாலியாகத்தான் இருந்தேன்.

என் தங்கை மயிலாத்தாளின் வீட்டுக்காரர் பழனிச்சாமி. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தென்னந்தோப்பு, கடலைக்காடு, ஒரு பழைய கார் எல்லாம் உள்ளவர். நல்ல மனுஷர். ஒரே ஒரு குறை... தேர்தலில் நிற்க ஆசைப்பட்டுவிட்டார்.

எந்தக் கட்சியும் கூப்பிடவில்லை. ஆகவே சுயேச்சை.

"கட்சின்னு இருந்தா அவிய சொல்றதக் கேக்கோணும் மச்சான். எனக்கு என்ற பேச்சே போதும்" என்றார்.

அவர் பேச்சை அவர் வீட்டு மாடுகூடக் கேட்காது. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. வேட்புமனுவில் அவரை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவனே நான்தான். தங்கை வீட்டுக்காரர் கேட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமைதான் மனு கொடுக்கக் கடைசி நாள். மூன்று மணி வரைதான் வாங்குவார்கள். ஒன்றரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்கு முன்னால் கொடுத்தால் மந்திரி பதவியே வரும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். பன்னிரண்டரைக்குச் சிற்றூர் தாலுக்கா ஆபீஸுக்குக் கிளம்பினோம். மாப்பிள்ளை கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் சம்பங்கி மாலையோடு பின் சீட்டில். பக்கத்தில் நான். ஓட்டியவர் காதர் பாய் — பாலக்காட்டுக்காரர், ஐம்பது வயதுக்கு மேல், லாரியிலிருந்து காருக்கு வந்தவர். கார் அவரோடு பேசும் என்பார்கள்.

அன்றைக்குப் பேசியது. கொழிஞ்சாம்பாறை தாண்டி ஒரு மைல் போனதும் 'டப்' என்றது. முன்னால் ஒரே வெள்ளைப் புகை. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெடித்து, கொதிக்கிற தண்ணீர் ரோட்டில் ஓடியது.

"பயப்பட வேண்டாம் முதலாளி. புது ஹோஸ் டிக்கியில இருக்கு. பழசைக் கழட்டி இதை மாட்டினா ஆச்சு. கால் மணி நேரம்" என்றார் காதர் பாய்.

புது ஹோஸ் இருந்தது உண்மை. கால் மணி நேரம் என்பதுதான்...

எஞ்சின் ஆறுவதற்கே அந்தக் கால் மணி போய்விட்டது. பிறகு கிளிப் ஸ்குரூவைத் திருகி எடுத்தார். ஹோஸைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. முறுக்கினார். அசையவில்லை. வருஷக்கணக்காக வெந்து வெந்து, ரப்பர் ரேடியேட்டரின் பித்தளைக் கழுத்தோடு ஒட்டி ஒரே உடம்பாகியிருந்தது. எந்தக் கல்யாணத்தில் இத்தனை ஒற்றுமை உண்டு?

நான் இழுத்தேன். காலை பம்பரில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். கை வழுக்கி, ரோட்டில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை மாலையைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு வந்து இழுத்தார். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. சோப்புத் தண்ணீர் விட்டோம். மண்ணெண்ணெய் விட்டோம். ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பலாம் என்றேன். காதர் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க! கழுத்து வெறும் ஈயத்தால ஒட்டவெச்சதுதான். நெம்பினா ரேடியேட்டரே போச்சு."

ஒன்றேகாலுக்கு சிற்றூர் போகிற பஸ் வந்தது. டிரைவர் தெரிந்தவர். நிறுத்தி, "ஏறிக்கறீங்களா?" என்றார்.

நான் ஒரு காலை படியில் வைத்துவிட்டேன். மாப்பிள்ளை நகரவில்லை.

"பஸ்லயா? வேட்பாளர் பஸ்ல வந்து எறங்கினா சனம் என்ன பேசும் மச்சான்?"

"சனம் எல்லாம் பஸ்லதான மாப்பிள்ளை போவுது?"

"அதுக்குத்தான் சொல்றேன்."

பஸ் போய்விட்டது. என் காலும் கீழே வந்துவிட்டது.

ஒன்றரை. ராகு காலம் பிறந்தது. மந்திரி பதவி போயிற்று. வெறும் எம்.எல்.ஏ.வாவது ஆகட்டும் என்று மறுபடி இழுத்தோம். வழியில் போனவர்கள் எல்லாம் நின்றார்கள். ஆளுக்கு ஒரு யோசனை. வெந்நீர் ஊற்று என்றார் ஒருவர். பச்சைத் தண்ணீர் ஊற்று என்றார் இன்னொருவர். வண்டிக்காரர் ஒருவர் கயிறு கட்டி மாட்டை விட்டு இழுக்கலாம் என்றார். மாப்பிள்ளை கொஞ்சம் யோசிக்கவே செய்தார்.

இரண்டரை மணிக்குப் பக்கத்துத் தோப்பிலிருந்து ஓர் ஆள் வந்தார். இடுப்பில் பாளை சீவுகிற கத்தி. கள் இறக்குபவர். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க, அந்தக் குழாயி மறுக்கா வேணுமுங்களா?"

"எந்தக் குழாய்?" என்றேன்.

"இழுக்கறீங்களே, அதுதானுங்க."

"வேண்டாம். வெடிச்சுப்போச்சு. புதுசு இருக்கு."

"அப்புறம் எதுக்குங்க அதைப் பதனமாக் கழட்டறீங்க? கீறி உட்டா ஆச்சு."

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த மாதிரி ஒரு பார்வை எதிரிக்கும் வேண்டாம்.

காதர் பாய்தான் முதலில் வாய் திறந்தார். குரல் இறங்கிப்போயிருந்தது. "யுத்த காலத்துல பெட்ரோல் கெடைக்காம கரி கேஸ் லாரி ஓட்டினேனுங்க. ஓர் அங்குல ரப்பருக்குக் கோயமுத்தூர் பூரா அலைஞ்சிருக்கேன். கத்தி வைக்கக் கை வராதுங்க. அறுக்கலாங்கற நெனப்பே வரலே..."

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் கைக்குக் காரணம் இருந்தது. படித்த எங்கள் இருவருக்கும் என்ன காரணம்?

கள் இறக்குபவர் குனிந்தார். கழுத்தில் கீறல் விழாமல், ஹோஸின் நீளவாக்கில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் கட்டை விரலை விட்டுப் பிரித்தார். வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது. மறுமுனையிலும் அப்படியே. ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

மாப்பிள்ளை கறுப்புக் கையைக் கூப்பினார். "மறக்காம எனக்கு ஓட்டுப் போடோணும்."

"மொதல்ல போயி மனுவக் குடுங்க சாமி" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

புது ஹோஸை மாட்டி, வாய்க்கால் தண்ணீரை ஊற்றி, காதர் பாய் காரை விட்ட வேகத்தில் என் குடல் கொழிஞ்சாம்பாறையிலேயே நின்றுவிட்டது. தாலுக்கா ஆபீஸில் நாங்கள் இறங்கியபோது சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி ஐந்து நிமிஷம்.

"சாரே, சமயம் கழிஞ்ஞு" என்று, நேரம் முடிந்துவிட்டதை மலையாளத்தில் சொன்னார் அதிகாரி. கோபமில்லை, கேலியுமில்லை. நாற்காலியைக் காட்டி, குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மாப்பிள்ளை தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அதில் மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. அதிகாரி சுவரைக் காட்டினார். சுவரோடு யார் வாதாடுவது?

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். மனுவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு எடுத்து, பிரித்து, தன் பெயரைப் பார்த்துவிட்டு மறுபடி மடித்தார். நான் இத்தனை நாள் இதையெல்லாம் ஒரு கூத்தாகத்தான் நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

"அந்த பஸ்லயே ஏறியிருக்கோணும் மச்சான்" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளில் கை வைத்தேன். அவ்வளவுதான்.

திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். ஒத்துவராத கூட்டு வியாபாரம், முறிந்துபோன சம்பந்தப் பேச்சு — வேண்டாம் என்று முடிவான பிறகும் நாம் ஏன் அதை ஒரு கீறல் இல்லாமல் முழுசாகக் கழற்றவே பார்க்கிறோம்? தூக்கிப் போடப்போகிற சாமானுக்கு என்ன மரியாதை? அந்த நேரத்தில் நல்ல சாமானுக்கல்லவா வேளை தப்பிப்போகிறது!

வீட்டில் மயிலாத்தாள் விஷயத்தைக் கேட்டாள். "சரி, கையக் கழுவிட்டு வாங்க" என்று இலை போட்டாள். வருத்தமா, நிம்மதியா... அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மாப்பிள்ளை இரண்டு கவளம் சாப்பிட்டார். நிறுத்தினார்.

"ஏம்புள்ள, நான் நின்னிருந்தா நீயாவது எனக்குப் போட்டிருப்பியா?"

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ஓட்டு ரகசியமுங்க. ஆருகிட்டயும் சொல்லக்கூடாதாமா."