எங்கள் வேனில் ஏறிய மனிதர்

மண்சரிவுக்குப் பிறகு, ஹேவாஹெட்டத் தோட்டப் பள்ளியில் படிப்பிக்கும் என் மகளின் போன் வேலை செய்யவில்லை. மறுநாள் காலை கண்டியில், அங்கே பிள்ளைகள் இருந்த பெற்றோர் சிலர் சேர்ந்து வேன் பிடித்தோம். பஸ் நிலையத்தருகே குடையை மார்போடு அணைத்தபடி நின்ற ஒல்லியான மனிதரை, அவரும் ஒரு தகப்பன்தான் என்று நினைத்து, "ஏறுங்கண்ணே, இடமிருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "சரிங்க" என்று ஏறினார்.

எதற்கும் அவருக்கு அந்த ஒரே பதில்தான். நகரச் சொன்னால் நகர்ந்தார். பாதை மூடிக் கிடந்த இடத்தில் இறங்கச் சொன்னதும், எங்களோடு சேற்றில் நடந்தார்.

"உங்க புள்ள எங்க தங்கியிருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு இங்க யாருமில்லீங்க. எதிர்ப்பக்கம் கடுகண்ணாவைக்குப் போக நின்னேன்."

"அட, அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க அழுதுகிட்டே இழுத்தீங்க. எப்படிங்க வேணாங்கிறது?"

மகள் கோயில் மண்டபத்தில் உயிரோடு இருந்தாள். அவளை அணைத்துக்கொண்டு நின்றபோது, "ஒரு பக்கம் புடிங்க" என்று யாரோ எங்களைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். அந்த ஒல்லி மனிதர் போய், போர்வையால் மூடிய பலகையின் ஒரு முனையைத் தூக்கினார். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த தாய், அதன் பின்னால் கதறிக்கொண்டு போனாள்.

அந்த முனையைப் பிடித்திருக்க வேண்டியவன் நான். மகளின் கையை விட எனக்கு மனம் வரவில்லை.