மூட்டையின் நடுவில் குத்திப் பார்த்தவர்

அம்பத்தூர் ரயில் நிலையத்தில் வேப்பம்பட்டுக்காரர் ஒருவர் என்னை நிறுத்தினார். "மரகதம்மா பூட்டாங்க அண்ணாத்தே. நேத்தே எடுத்துட்டாங்க" என்றார். எனக்குச் சொல்லி அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. மண்ணூர்பேட்டைக்காரர்களே, நம் பால்வாடியில் உங்கள் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சியவர் மரகதம் அக்கா. அங்கே மூட்டை அடுக்கியவன் நான். அதனால் நான்தான் எழுத வேண்டும்.

அரிசி கிடைக்காத காலம் அது. கஞ்சிக்கு மக்காச்சோளம் வரும். லாரி நின்றதும் அக்கா குத்தூசியோடு வந்துவிடுவார். மூட்டையின் வாயைப் பார்க்கமாட்டார். நடுவில் குத்தி எடுத்து முகர்ந்து பார்ப்பார். "மேல கீறது மேஸ்திரிக்கு. நடுவுல கீறதுதான் புள்ளைக்கு" என்பார். நான் சிரிப்பேன்.

ஒரு மழையில் கிடங்கு ஒழுகியது. மூட்டைகளுக்குள் சோளம் பச்சைப் பூஞ்சை பிடித்துக் கட்டியாகிவிட்டது. கழுவிக் காயவைத்து வறுத்தால் சரியாகிவிடும் என்றார் மேற்பார்வையாளர். அக்கா அடுப்பு மூட்டவில்லை. பிள்ளைகள் தட்டோடு நின்றார்கள். தாய்மார்கள் கத்தினார்கள்.

"இன்னாம்மா, உங்க ஊட்டு சோளமா? காச்சி ஊத்தேன்!"

"வறுத்தா நாத்தந்தான் பூடும். வறுத்துத்தான் என் கோழிக்குப் போட்டேன். அத்தினியும் செத்துப்பூச்சு."

"வந்துட்டா பெரிய டாக்டரு!"

"டாக்டராண்ட நீ ஓடக் கூடாதுன்னுதான்டி சொல்றேன்."

அன்றே எல்லா மூட்டையிலும் பினாயிலை ஊற்றினார். அவரை நீக்கச் சொல்லி நீங்கள் மனு எழுதினீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத நானும் கட்டைவிரலை அழுத்தினேன். அந்த வாரமே அக்காவுக்கு வேலை போயிற்று.

பினாயில் ஊற்றுவதற்கு முன்பே ஒரு மூட்டை என் வீட்டுக்குப் போயிருந்தது. பஞ்ச காலத்தில் தானியத்தைக் கொட்டுவதாவது என்ற வீம்பு எனக்கு. கழுவினோம், வறுத்தோம், அரைத்தோம். இரண்டு வயது மகள் வள்ளி அந்தக் கூழை ஆசையாகக் குடித்தாள். சில வாரங்களில் கண் மஞ்சளித்தது, வயிறு உப்பியது. ஆஸ்பத்திரியில் காமாலை என்று எழுதிக்கொடுத்தார்கள். எதனால் என்று கேட்டேன். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அந்தப் பதிலுக்காகவே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, கல்லீரலைக் கெடுக்கும் என்று ஒரு பழைய புத்தகத்தில் இருந்தது. வள்ளியைக் கொன்றது அதுதான் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

வள்ளியைப் புதைத்த அன்று அக்கா வந்தார். 'நான் அப்போதே சொன்னேனே' என்பார் என்று தலைகுனிந்து நின்றேன். ஒரு மூட்டை குறைந்தது அவருக்குத் தெரிந்திருந்தது; கேட்டது ஒன்றுதான்.

"மாவு இன்னும் கீதா நைனா?"

அரை டின் இருந்தது. "குடு. பெரியவன் கீறான் இல்ல?" என்று வாங்கிப்போய்க் குழிதோண்டிக் கொட்டினார். என் மூத்த மகன் இன்று வேலைக்குப் போகிறான்.

வேலை போனபோது அவர் பால்வாடியில் விட்டுப்போன குத்தூசி என்னிடம் இருக்கிறது. ரேஷன் கடையில் மூட்டையின் நடுவில் குத்திப் பார்க்காமல் நான் நகர்வதில்லை. சண்டைக்காரன் என்கிறீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். அந்த ஊசியை அழுத்தும் கட்டைவிரல்தான் அந்த மனுவிலும் பதிந்திருக்கிறது.