டர்போவின் வாயில் அட்சதை

இன்றைக்குக் காலை வீட்டிலிருந்தே ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது ஜன்னல் இடுக்கு வழியாக அந்த வாசனை வந்தது. பக்கத்து வீட்டுப் புல்வெளியில் இலை ஊதுகிற மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். டூ-ஸ்ட்ரோக் புகை. டெக்ஸாஸில் நாங்கள் இருக்கிற இந்த ஆலன் ஊரிலேயே இதை வாசனை என்று சொல்கிற ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன். கேமராவை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, நெஞ்சு நிறைய இழுத்தேன். சிரிக்காதீங்க. உங்களுக்கு மல்லிகைப்பூ எப்படியோ, எனக்கு எரிந்த ஆயில் அப்படி.

காலேஜில் ஆட்டோமொபைல் வகுப்பில் நாங்கள் மூன்றே பெண்கள். ஒர்க்‌ஷாப்பில் எங்களை ரெக்கார்டு நோட்டு எழுத உட்காரவைத்துவிட்டு பையன்கள் இன்ஜினைப் பிரிப்பார்கள். நான் எழுந்துபோய் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொள்வேன். அதனால் கோபிச்செட்டிபாளையம் வரைக்கும் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பேர். அந்தப் பேரோடு கல்யாணம் பண்ணிக்கொண்டு டெக்ஸாஸ் வந்து இறங்கினால், விசாவில் எனக்கு வேறு பேர் வைத்திருந்தார்கள்: டிபெண்டன்ட். வேலைக்குப் போகக் கூடாது. வருஷக்கணக்காக வீடு, பாப்பா, பாத்திரம். பிறந்தநாள் பார்ட்டிகளில் பார்க்கிற ஆன்ட்டிகள் எல்லாம் "நல்லா ரெஸ்ட் எடும்மா" என்பார்கள். எதுக்கு ரெஸ்ட்? நான் என்ன களைச்சுப் போயா வந்தேன்?

அந்த நாட்களில்தான் எங்கள் வீட்டுக்கு ஸ்னோமொபைல் வந்தது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் ரப்பர் பெல்ட், நடுவில் பைக் மாதிரி சீட். பனியே இல்லாத ஊரில் பனிவண்டி! என் வீட்டுக்காரர் செந்திலும் அவர் ஆபீஸ் நண்பர் பிரகாஷும் ஒரே ஜோரில் ஆளுக்கொன்று வாங்கிவிட்டார்கள். பிரகாஷுடையது புதுசு, பலசாலி. எங்களுடையது யாரோ ஓட்டித் தேய்த்தது. ட்ரெய்லரில் ஏற்றி, ஒரு முழு நாள் கார் ஓட்டி, கொலராடோ மலைக்குப் போனோம்.

நான்தான் முதலில் ஓட்டினேன். அங்கே பைன் மரங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய மேடு. பாதி தூரம் ஏறியதும் வண்டி இருமியது, முனகியது, நின்றுவிட்டது. பிரகாஷ் பக்கத்தில் வந்து ஹெல்மெட்டைத் தூக்கினார்.

"விடுங்க சிஸ்டர். இது லேடீஸ் ஏறுற மேடு இல்ல. நீங்க கீழ பாப்பாவோட ஸ்னோமேன் பண்ணுங்க."

வண்டி ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிசு. இன்ஜினுக்கு மூச்சு பத்தவில்லை. இதில் லேடீஸ் எங்கே வந்தது? எல்லோரும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னேன்: "அடுத்த வின்டர்ல இதே வண்டிய, இதே மேட்டுல, நானே ஏத்திக் காட்டறேன்." எப்படி ஏற்றுவேன் என்று அப்போது எனக்கே தெரியாது. ஆனால் சொல்லியாச்சு.

வீட்டுக்கு வந்து யோசித்ததில் கிடைத்த வழி, வண்டிக்கு டர்போ மாட்டுவது. டர்போ என்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு குட்டி விசிறியைச் சுற்றவிட்டு, காற்றை இன்ஜினுக்குள் அமுக்கித் திணிக்கிற சாமான். ஆனால் எந்த டர்போ கிட் வாங்குவது என்று தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று மாசம் ஆனது. பாப்பா தூங்குகிற மத்தியான நேரமெல்லாம் இன்டர்நெட்டில் படித்தேன். ஒரு ஃபோரத்தில் சந்தேகம் கேட்டால், முகம் தெரியாத ஒருத்தன் உங்கள் கணவரை எழுதச் சொல்லுங்கள் என்கிறான். பதிலுக்கு நான் எழுதியதை ஃபோரத்துக்காரர்கள் அழித்துவிட்டார்கள்.

பிரகாஷ் "எடுத்தா பெருசா எடுங்க" என்றார். பெரிய கிட்டுக்கு ரேஸ் பெட்ரோல் வேண்டும், கொஞ்சம் தப்பினாலும் பிஸ்டன் உருகிவிடும். நான் சின்னதை எடுத்தேன். மலை பிடுங்கிக்கொண்ட பலத்தை அது திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். எனக்கு அதிகமாக ஒன்றும் வேண்டாம், என்கிட்டேயிருந்து எடுத்ததைக் கொடு, போதும். வண்டியைப் பற்றித்தான் சொல்கிறேன். சரி, வண்டியைப் பற்றி மட்டும் இல்லை. செந்திலிடம், "பொறந்த நாளு, கல்யாண நாளு, தீபாவளி, எல்லாத்துக்கும் சேத்து எனக்கு இதுதான்" என்றேன். மனுஷன் உடனே கார்டை எடுத்து நீட்டினார்.

இலையுதிர்காலம் முழுக்க கராஜில் கிடந்தேன். ஒரு பக்கம் அடுப்பில் குக்கர் விசில், ஒரு பக்கம் நான் வண்டிக்கு அடியில். மூன்று விசில் வந்தால் எழுந்து ஓடுவேன், பருப்பில் கிரீஸ் வாசம் அடிக்கும். இந்த வண்டி ஓடும்போது மேலே தெறிக்கிற பனிதான் அதைக் குளிர வைக்கும். டெக்ஸாஸில் பனிக்கு எங்கே போவது? பெட்ரோல் பங்கில் ஐஸ் மூட்டைகளை வாங்கிவந்து அடியில் அடுக்கி, ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பேன். எதிர்வீட்டுக்காரர் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, "பிக் பார்ட்டி?" என்று கேட்டார். "யெஸ்" என்றேன். புகையைப் பார்த்து எங்கள் குடியிருப்பு அசோசியேஷனிலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. அதை மடித்து ஆயில் கேனுக்கு அடியில் வைத்தேன்.

கிளம்ப வேண்டிய மத்தியானம். எல்லா போல்ட்டையும் டார்க் ரென்ச்சால், அதுதான் அளவு காட்டி முறுக்குகிற ஸ்பேனரால், சரிபார்த்தாயிற்று. ஏர் ஃபில்டர் மட்டும் பாக்கி, அதை மாட்டும்வரை டர்போவின் வாய் திறந்தே கிடக்கும். பாப்பாவுக்குச் சோறு ஊட்டிவிட்டு வரலாம் என்று உள்ளே போனேன். திரும்பி வந்தால் செந்தில் குளித்து, திருநீறு பூசி, தட்டோடு நிற்கிறார். வண்டிக்குச் சந்தனம், குங்குமம், சறுக்குக் கட்டைக்கு அடியில் எலுமிச்சம்பழம். அவர் கை சாவியில் இருந்தது.

"பூஜை முடிஞ்சுது. ஸ்டார்ட் பண்ணட்டுமா? புதுசா மாட்டுனியே, அதுக்கும் அட்சதை போட்டுட்டேன்."

"எங்கீங்க போட்டீங்க?"

"நத்தை மாதிரி இருக்குதே, அதோட வாயிலதான்."

"அய்யோ, சாவிய விடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பாப்பா அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த விசிறி சுற்றுகிற வேகத்துக்கு ஒரு அரிசி போதும், இறக்கை சிதறிவிடும். "எத்தனை போட்டீங்க?" என்று கேட்டேன்.

"அட்சதைய யாராச்சும் எண்ணியா போடுவாங்க?" என்றார், பாவம், முகம் வெளுத்துப்போய்.

பிரகாஷ் போனில், "அதக் கழட்டிட்டு பழையபடி வாங்க, போதும்" என்று சொல்லிவிட்டு அவர் குடும்பத்தோடு முன்னால் கிளம்பிவிட்டார். கழட்டினேன். ஆனால் திரும்ப மாட்டுவதற்காகக் கழட்டினேன். மூடியைப் பிரித்து, குழாய்களை உருவி, ஒவ்வொரு வளைவிலும் டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாக அரிசி வந்தது. செந்தில் டார்ச் பிடித்தார். கடைசி அரிசி இன்ஜினுக்கு ஒரு சாண் முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. இனிமேல் இல்லை என்று எப்படி நிச்சயமாகச் சொல்வேன்? சொல்ல முடியாது. என் கண்ணை நம்பினேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். அதே மேடு. போன வருஷம் நின்ற இடத்தில் இன்ஜின் ஒரு மூச்சு இழுத்தது. அப்புறம் விசில் மாதிரி ஒரு சத்தம், வண்டி மேலே போய்க்கொண்டே இருந்தது. உச்சியில் யாரும் இல்லை. ஹெல்மெட்டைக் கழட்டிவிட்டு, பேர் வாங்கின அந்தத் திமிரோடு, ஓவென்று கத்தினேன். எனக்கு இன்றைக்கும் அதில் வெட்கம் இல்லை.

கீழே வந்ததும் பிரகாஷ் செந்திலின் முதுகில் தட்டினார். "மச்சி, சூப்பரா செட் பண்ணிட்டே!"

செந்தில் நிதானமாகச் சொன்னார்: "நான் உள்ள அரிசி போட்டதோட சரிங்க. மத்ததெல்லாம் இவங்க."

அவருக்குப் பெரிய நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டு ஹெல்மெட்டைத் துடைத்தேன்.

பிறகு வேலை செய்கிற அனுமதி வந்தது. வேலையும் கிடைத்தது, இன்ஜின் வேலை இல்லை, ப்ராஜெக்ட் மேனேஜர். வருஷங்கள் வீட்டில் இருந்தவளுக்கு அதுதான் கொடுத்தார்கள், அதையும் சண்டை போட்டுத்தான் வாங்கினேன். லீவு கிடைக்காமல் வண்டி இரண்டு வருஷம் தூசி தின்றது. அப்புறம் கொலராடோக்காரர் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அது நின்ற இடத்தில் இப்போது பேப்பர் டவல் மூட்டைகள். பாப்பாவுக்கு அந்த வண்டியே ஞாபகம் இல்லை. "யூ பில்ட் வாட்?" என்கிறாள். பொறுக்க முடியாதது இதுதான்: அன்றைக்கு எனக்கு இருந்த கோபம் இப்போது இல்லை. என்னிடமிருந்த சாமான்களிலேயே நல்ல சாமான் அந்தக் கோபம்தான்.

டார்க் ரென்ச்சை மட்டும் விற்கவில்லை. ஆணியில் தொங்குகிறது. ஆயுத பூஜைக்கு ஆயுதம் என்று எங்கள் வீட்டில் வேறு என்ன இருக்கிறது, ஒரு லேப்டாப்பும் அதுவும்தான். இந்த வருஷமும் செந்தில் அதற்குப் பொட்டு வைத்துவிட்டு, அட்சதைத் தட்டோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தைரியமாப் போடுங்க" என்றேன்.

போட்டார். அரிசி ரென்ச் மேலேயே கிடந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன், அப்போதும் அங்கேயே கிடந்தது. ஒன்று ஒன்றாகப் பொறுக்கி எடுத்தேன்.