வடக்குப் பார்த்த வாசல்

ஒட்டுசுட்டானில் ஒரு வீட்டுக்குச் சாந்து பூசிக்கொண்டு நின்றபோதுதான் சாவுச் செய்தி வந்தது. எங்கள் நூலகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் நசார் போன் எடுத்தார். "மேசன் அண்ணை, எங்கட லைப்ரரி மிஸ் விடிய மோசம் போயிட்டா." நாற்பது வருட வேலையில் என் கை ஒரு நூல்கூடக் கோணியதில்லை. அன்று பூசிய சுவரை மறுநாள் சுரண்டித் திரும்பப் பூசினேன்.

நூலகர் சரோஜினியை அறிந்து, இந்த நினைவு மலரை வாசிக்கிற உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? ஆனால் அந்தக் கட்டடத்தைப் பற்றி என்னைவிட அறிந்தவன் இந்த வன்னியில் இல்லை. மீள்குடியேறி வந்த புதிதில் நூலகம் என்றால் ஒரு தகரக் கொட்டில். புத்தகங்கள் உரப்பைகளில் கிடந்தன. மழை வந்தால் தன் குடையை அவர் புத்தகங்களுக்குத்தான் பிடிப்பார். பிறகு கல்லால் கட்ட அனுமதி வந்தது. வேலை என்னிடம் வந்தது. வேறு யாரிடம் போகும்? ஆளுயரத்துக்கு அத்திவாரம் வெட்டினேன். ஓட்டுக் கூரை, காற்று வரச் சுவரின் மேலே பூக்கல், நடுவே வாசிப்பு மண்டபம். கொழும்பிலிருந்து வருகிறவர்களும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

ஒருநாள் வாசிப்பு மண்டபத்தில் இருந்தவர்களுக்கு, பதினெட்டு யானைகள் வந்து முட்டியும் இந்தச் சுவரில் கீறல் விழவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சரோஜினி பதிவேட்டிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்: "போன கிழமை பன்னிரண்டெண்டனீங்கள், அண்ணை. இடையில குட்டி போட்டதுகளோ? வந்தது ஒண்டு. அதுவும் வேலியோட திரும்பிப் போட்டுது." அவர் அப்படித்தான். ஒரு புத்தகத்தில் பக்கம் கிழிந்திருந்தால், எத்தனையாம் பக்கம், எவ்வளவு கிழிசல் என்று எழுதி உள்ளே ஒட்டிவிடுவார். உள்ளதைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

இனி வாசலின் கதைக்கு வருகிறேன். றோட்டு கிழக்கே இருக்க, வாசல் ஏன் வடக்கே வயலைப் பார்த்து நிற்கிறது என்று கேட்காதவர் இல்லை. என் சொந்த யோசனை என்று நாயாறு, கொக்கிளாய் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நடந்தது வேறு. வரைபடத்தின் மூலையில் ஒரு அம்புக்குறி, அதன் தலையில் 'வ' என்று ஓர் எழுத்து. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அதை வாசல் என்று எடுத்துக்கொண்டேன். படத்தில் கிழக்கே வாசலுக்கு விட்டிருந்த இடைவெளியில் பெரிய யன்னல் வைத்தேன்.

கூரை ஏறிய பிறகு மேற்பார்வைக்கு வந்த உத்தியோகத்தர் றோட்டுப் பக்கச் சுவருக்கு முன்னால் அங்குமிங்கும் நடந்தார். "மேசன், வாசல் எங்க?"

"அங்கால பக்கம், சேர்."

"அங்கால வைக்கச் சொல்லி ஆர் உமக்குச் சொன்னது? உடையும். உடைச்சுத் திருப்பிக் கட்டும். இனி அரசாங்க வேலைப் பக்கம் உம்மைக் காணக் கூடாது."

நான் வரைபடத்தை விரித்து 'வ' மேல் விரலை வைத்தேன். வாய் திறக்க முதல் சரோஜினி குறுக்கே வந்தார். "நான்தான் சேர் கேட்டனான். றோட்டுப் பக்கம் வைச்சா லொறிப் புழுதி முழுக்கப் புத்தகத்திலதான். வடக்கால வெளிச்சம் வரும், வெக்கை வராது."

"கடிதம் தந்தனீங்களோ?"

"இல்லை சேர். வாயாலதான் சொன்னனான். பிழை என்ர."

உத்தியோகத்தர் அவரை நன்றாக ஏசி, ஏதோ எழுதிக்கொண்டு போனார். சுவர் தப்பியது. சரோஜினி என் பக்கம் திரும்பினார். "அண்ணை, 'வ' எண்டா வடக்கு."

"தங்கச்சி, வெளியில சொல்லிப்போடாதேங்கோ."

"நான் ஏன் சொல்லுறன்? இனி நீங்களெல்லோ ஊர் முழுக்கச் சொல்லித் திரியப் போறியள்!"

திரிந்தேன். எத்தனை பேர் முன்னால் அந்த வாசலை என் மூளை என்று சொன்னேன்! யானைக் கணக்கை விடாத மனுசி, அதைக் கேட்டு ஒரு சொல் சொன்னதில்லை. உண்மையில் அவர் சொன்ன காரணம் சரியாகவே வந்தது. மத்தியானத்திலும் அந்த மண்டபத்தில் வெக்கை இல்லாமல், விளக்கும் போடாமல் வாசிக்கலாம்.

இந்த நினைவு மலருக்கு, வாசலை நான் வடிவமைத்த கதையை எழுதித் தரச் சொல்லி வாசகர் வட்டத்தினர் கேட்டார்கள். இருந்து பார்த்தேன். அந்தக் கதைக்குக் கை ஓடவில்லை. உள்ளதை எழுதிவிட்டேன்.

நான் ஆயிரம் புளுகு சொன்னவன். சரோஜினி தன் சீவியத்தில் சொன்னது ஒன்றே ஒன்று, அதுவும் எனக்காக. என்னிடம் அவருடையதாக இருப்பது அதுதான்.