எழுதியவர்கள் எத்தனை பேர்?

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ராயபுரத்துக் காற்று உப்பும் கரித்தூளுமாய் என் ஜன்னலில் வந்து உட்கார்ந்திருந்த நேரம். பக்கத்து வீட்டு சவரிமுத்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் பளபளவென்று ஒரு புத்தகம்.

"சார், இத்தப் பாரு! நூத்துக்கு நூறு!"

சவரிமுத்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் மகள் ஸ்டெல்லா இந்த வருடம் பி.யூ.சி. தேறியிருக்கிறாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும். மணலிப் பக்கம் புதிதாக முளைத்திருக்கும் தொழிற்சாலை ஒன்றின் லேபில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். அவ்வளவுதானா? எங்கள் தெருவில் இதுவரை எந்தப் பெண்ணும் வாய்விட்டுக் கேட்காத 'அவ்வளவுதான்' அது.

இரண்டு பெண்கள் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் ஒன்றில் சேர வேண்டும். டி.சி. ஒன்றுதானே? ஒரு கல்லூரி அதை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால், மூன்று வருடமும் அங்கேதான்.

சவரிமுத்து கொண்டுவந்தது, இரண்டில் பெரிய கல்லூரியின் பிராஸ்பெக்டஸ். புரட்டினேன். மணிக்கூண்டு. புல்வெளி. விளையாட்டு விழாவில் மாலையோடு யாரோ ஒரு பிரமுகர். மறுபடியும் மணிக்கூண்டு — இந்தத் தடவை பக்கவாட்டில். சரி, பாடம் நடத்துவது யார்? வருடத்தில் எத்தனை நாள் நடத்துகிறார்கள்? லேபில் ஒரு மேஜைக்கு எத்தனை பெண்கள்? ஒரு வரி இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் கொட்டை எழுத்தில்... கெமிஸ்ட்ரி, நூற்றுக்கு நூறு தேர்ச்சி.

"நூறுக்கு மேல இன்னா சார் வோணும்?" என்றார் சவரிமுத்து.

அவர் பின்னாலேயே வந்து நின்றிருந்த ஸ்டெல்லா சொன்னாள்: "எத்தினி பேரு எழுதி நூறுன்னு போடலியே, நைனா."

ஒப்புக்கொள்கிறேன். எழுத்தையே பிழைப்பாக வைத்திருக்கும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

மறுநாள் மூன்று பேரும் போனோம். கல்லூரி ஆபீசில் தலைமை கிளார்க். போன வருடம் கெமிஸ்ட்ரியில் சேர்ந்தவர்கள் எத்தனை, பரீட்சை எழுதியவர்கள் எத்தனை என்று கேட்டேன்.

"நீங்க யாரு, இன்ஸ்பெக்‌ஷனா?"

"இல்ல சார், நான் பொண்ணோட அப்பன்" என்றார் சவரிமுத்து.

"பெத்தவங்களுக்கு அதெல்லாம் எதுக்குய்யா? நூத்துக்கு நூறுன்னு போட்டிருக்கே, போதாதா?"

சவரிமுத்து இரண்டு கைகளையும் மேஜைமேல் ஊன்றிக்கொண்டார். "நான் ஓட்ற கிரேன் கீது பாரு சார், எத்தினி டன் தூக்கும்னு அது கை மேலயே பெயிண்ட்ல எழுதிக்கீது. அத்தப் பாக்காம கொக்கி மாட்ட வுட மாட்டேன். கீய ஆளு நிக்கிறான். இப்ப என் பொண்ண உன்கைல குடுக்கறேன். நீ எவ்ளோ தூக்குவேன்னு நான் கேக்கக் கூடாதா?"

"இது காலேஜ்யா. ஹார்பர் இல்லை."

"அதான் நானும் சொல்றேன். ஹார்பர்லயே எழுதி வச்சிக்கீறாங்களே!"

கிளார்க் ஒரு ஃபைலைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது.

திரும்பிப் பார்த்தால் ஸ்டெல்லாவைக் காணோம். மாடிப்படியில் மூன்றாம் வருடப் பெண்கள் இருவரோடு பேசிக்கொண்டிருந்தாள். வந்ததும் மூச்சு விடாமல் சொன்னாள்: "சேந்தது இருபத்தி நாலு பேராம். காலேஜ்லயே மொதல்ல ஒரு செலக்‌ஷன் பரீட்சை வப்பாங்களாம். அதுல நல்லா எழுதுனவங்களை மட்டுந்தான் யூனிவர்சிட்டி பரீட்சைக்கு அனுப்புவாங்களாம். போன வருஷம் அனுப்புனது ஆறு பேரு."

"ஆறு பேரும்...?"

"ஆறு பேரும் பாஸ்!"

நூற்றுக்கு நூறு! பொய்யே இல்லை. பதினெட்டுப் பெண்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சொன்ன உண்மை.

பஸ் ஏறினோம். அந்தப் பதினெட்டுப் பேர் இப்போது எங்கே? எந்தக் குழாயடியில், 'ஏன் நீ பரீட்சை எழுதலை' என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள்? ஜன்னலுக்கு வெளியே ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது... போய்க்கொண்டே இருந்தது.

அடுத்த கல்லூரிக்கு மணிக்கூண்டு கிடையாது. சுண்ணாம்பு உதிரும் சுவர். நாங்கள் கேட்டதும் கெமிஸ்ட்ரி பேராசிரியையே ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். விரல்களெல்லாம் மஞ்சள் கறை.

"முப்பது பேர் சேந்தாங்க. ரெண்டு பேர் கல்யாணமாகிப் போயிட்டாங்க. மீதி இருபத்தெட்டு பேரும் எழுதினாங்க. பத்தொன்பது பாஸ், ஒன்பது பெயில். பெயிலானவங்களுக்கு சனிக்கிழமை நான் தனியா கிளாஸ் எடுக்கறேன். லேப்ல கேஸ் அடிக்கடி நின்னு போகும். அதையும் இப்பவே சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

சவரிமுத்துவின் முகம் சுருங்கிவிட்டது. மகளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். "ஒம்போது பேரு பெயிலாம்மா. பேஜாரா கீதே. நூறு எங்க, இது எங்க?"

"அங்க பெயிலாவறதுக்குக்கூட வுட மாட்டாங்க, நைனா. இங்க எழுதவாவது வுடுவாங்க."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். பையிலிருந்து டி.சி.யை எடுத்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீட்டிவிட்டாள்.

ஸ்டெல்லாவுக்கு வாய் இருந்தது, கேட்டாள். சரி... எண்ணூரிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும், குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறப்போகிறவர்கள்? அவர்கள் ஒவ்வொருவரும் ஆபீசில் நின்று ஒரு கிளார்க்கோடு மல்லுக்கட்ட வேண்டுமா? கேட்காமலே தெரிய வேண்டிய விஷயமில்லையா இது?

எனவே இந்த வாரம் நகரத்துக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் தபால் கார்டு போட்டிருக்கிறேன். நாலே கேள்விகள். சேர்ந்தவர்கள் எத்தனை? எழுதியவர்கள் எத்தனை? தேறியவர்கள் எத்தனை? வருடத்தில் உண்மையாக வகுப்பு நடந்த நாட்கள் எத்தனை? படித்து முடித்தவர்களே, படிக்க முடியாமல் வெளியே நிறுத்தப்பட்டவர்களே, நீங்களும் எழுதுங்கள். சரிபார்த்துக்கொள்ள உதவும்.

"வம்பு வரும் ஐயா" என்கிறார் எங்கள் பத்திரிகை ஆசிரியர். வரட்டும். வம்புக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது... இதே பக்கத்தில்தான்.

பதில் அனுப்பும் கல்லூரியின் பெயருக்கு எதிரே அதன் எண்களை அப்படியே அச்சிடுவேன். அனுப்பாத கல்லூரியின் பெயரும் வரும், எதிரே வெற்றிடத்தோடு.

அந்த வெள்ளையைப் படிக்க யாருக்கும் டிகிரி தேவைப்படாது.